தொப்பிக்குள் எழுதிய பெயர்

தெருவில் அவருக்கு வைத்த பெயர் பொய்யார். வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததில் தெருவுக்கு ஏக சந்தோஷம். தொழில் கண்ணாடிக் கடை. ஃபிரேம், லென்ஸ், மூக்கில் அழுத்துகிறது, காதில் நிற்கமாட்டேன் என்கிறது என்று வருகிறவர்களின் பஞ்சாயத்து. அது வயிற்றுக்கு. உயிரை வேறோர் இடத்தில் வைத்திருந்தார்: பழைய போர்க்கால இரும்புத் தொப்பிகள். வீட்டு முன்னறையில் சுவரோடு அடித்த பலகைகளில் அவை வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள்.

"எல்லாரும் தலைக்குத் தொப்பி வாங்குவாங்க. எங்க வீட்டுக்காரர் தொப்பிக்குத் தலை தேடுவார்," என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரு தொப்பி கைக்கு வந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி, இது யார் தலையில் இருந்தது? இரண்டாவது கேள்வி, சொல்கிறவன் நிஜத்தைத்தான் சொல்கிறானா? அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. வாலிப வயதில் முதன்முதலாக வாங்கிய தொப்பியை ஆசை ஆசையாக ஒரு கண்காட்சிக்குத் தூக்கிப் போனார். அங்கே ஒரு பெரிய மனிதர் அதை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "நாடகக் கம்பெனித் தகரம் தம்பி, மழைக்குக்கூட ஆகாது," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்குச் சூடு கண்ட பூனைதான். அதன் பிறகு படித்தார், கேட்டார், உடைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். வருஷங்கள் போகப் போக வெளியூர் ஆட்களே தொப்பியோடு அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர் பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். கடைசியில் ஒரே வார்த்தை. "பொய்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும். அது அவ்வளவு நல்ல களை இல்லை என்பது மனைவிக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டாள்.

தொப்பி வியாபாரத்தில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. தொப்பி நிஜமாகவே பழையதாக இருக்கும். ஆனால் வெறும் தொப்பியை யார் சீந்துகிறார்கள்? உள்ளே ஒரு சிப்பாயின் பெயர் இருந்தால் கிராக்கி. ஆகவே போர் நினைவுத் தூணில் செதுக்கியிருக்கிற பெயர்களில் ஒன்றைப் பார்த்து வந்து, உள்ளே எழுதி, மண்ணைப் பூசித் தேய்த்து விற்றுவிடுவார்கள். உடம்பு உண்மை, பெயர் பொய். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொய்யாருக்குக் கோபம் தலைக்கேறும். "செத்தவன் பேரை வச்சுப் பிழைக்கிறவனைச் செருப்பால அடிக்கணும்," என்பார். அப்படிப்பட்ட பெயர் கையில் சிக்கினால் சும்மா விடமாட்டார். தொப்பியின் சொந்தக்காரர் சம்மதித்தால், ஒரு புள்ளி மிச்சமில்லாமல் துடைத்து எடுத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். அடுத்தவன் ஏமாறக் கூடாதாம். அது அவருடைய கொள்கை.

அந்தத் தொப்பி இப்படித்தான் வந்தது. ஆற்றங்கரையில் ஒரு மாவு மில்லை இடித்தபோது பரணிலிருந்து கிடைத்தது என்றான் வியாபாரி. போர்க்காலத்தில் அந்த மில்லுக்கு எதிரே இருந்த பாலத்தைக் காக்க ஒரு படைப்பிரிவு நின்றது. நின்றவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. சண்டை ஓய்ந்ததும் தரையில் கிடந்ததையெல்லாம் மில்காரர் பொறுக்கிப் பரணில் போட்டு வைத்தாராம். வியாபாரி சொல்கிற கதையை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவது பொய்யாருக்குப் பழக்கம். தொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

விளிம்பின் உட்புறம் குத்தியிருந்த ஆலை எண் அந்தப் போர்க்காலத்துக்குச் சரியாக இருந்தது. மேல் பெயிண்டில் மணல் கலந்திருந்தது. வெயிலில் பளபளத்து எதிரிக்குக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் அப்படித்தான் பூசுவார்கள். உள்தோலைத் தாங்கும் ரிவிட்டுகளை யாரும் கழற்றிய தடயம் இல்லை. தோலின் தையலுக்குள் ஊசியை விட்டு நெம்பியபோது வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். மாவு. காறல் அடித்த பழைய மாவு.

"கண்டதையும் வாயில வைக்காதீங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றாள் மனைவி.

அவர் காதில் விழவில்லை. மில் கதை உண்மை என்றால் இந்தத் தொப்பி பாலத்தில் கிடந்தது. உள்தோலைத் தூக்கிப் பின்பக்கம் டார்ச் அடித்தார். இரும்பில் சிவப்பாக ஒரு பெயர். கையால் எழுதியது, கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் நீண்டு போயிருந்தது. நினைவுத் தூணில் காணாமல் போனவர்கள் வரிசையில் அந்தப் பெயர் இருப்பதையும் பார்த்துவிட்டு வந்தார். வேறொருவர் என்றால் துள்ளிக் குதித்திருப்பார். இவருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. தூணில் இருக்கிற பெயரைத்தானே அந்தப் பயல்கள் திருடுவார்கள்?

பெயிண்ட்டைக் கரைக்கும் அசிட்டோனை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனாலும் ஏனோ தள்ளிப் போட்டார். இது ஒன்றாவது நிஜமாக இருக்கட்டுமே என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. படம் பிடித்து, கிடைத்த இடத்தையும் குறித்து, தொப்பி சேகரிப்பவர்களின் ஃபோன் குழுவில் போட்டு, இந்தப் பெயரைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். படம் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிருக்கிறது.

ஒரு நாள் முற்பகலில் கடைக்கு ஓர் அம்மாள் வந்தாள். தலை முழுக்க நரை, கையில் மடித்த குடை. கண்ணாடிக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காராமல் ஃபோனை நீட்டினாள்.

"சார், இந்த ஹெல்மெட் உங்ககிட்டதான் இருக்கா?"

"ஆமாம்மா."

"இது எங்க அண்ணன் பேரு."

திருகிக்கொண்டிருந்த ஃபிரேமின் பொடி ஆணி அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் எங்கோ உருண்டது. அதை அவர் தேடவில்லை.

அவள் நின்றபடியே சொன்னாள். அண்ணன் தனக்குக் கல்யாணமான புதிதில் லீவில் வந்தான், போனான், அவ்வளவுதான். பாலத்தைக் காக்க நின்ற படைப்பிரிவில்தான் அவன் இருந்தான். பட்டாளத்திலிருந்து 'காணவில்லை' என்று ஒரு வார்த்தைதான் வந்தது. அதோடு போயிருந்தாலும் அழுது தீர்த்திருப்பார்கள். போர் முடிந்த மறு வருஷம் ஒரு லாரி டிரைவர், அவனைத் தூரத்து ஊர் ஒன்றில் ஒரு பெண்ணோடும் குழந்தையோடும் பார்த்ததாகச் சொன்னான். பார்த்தது அவனைத்தானா என்று யாரும் கேட்கவில்லை. சண்டைக்கு முன்பே ஓடிவிட்டான் என்று தெரு முடிவு செய்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"அண்ணி எங்கேயும் போகல சார். என்கூடத்தான் இருக்காங்க. தையல் மெஷினை வச்சே காலத்தை ஓட்டிட்டாங்க. விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னு இன்னிக்கும் பேசுறாங்க. இந்த ஹெல்மெட் அண்ணனோடதுன்னு தெரிஞ்சா போதும். அவன் பாலத்துலதான் நின்னான்னு ஆயிடும்ல?"

"ஆயிடும்," என்றார் பொய்யார். "அண்ணி படத்தைப் பார்த்தாங்களா?"

"மாட்டேன்னுட்டாங்க. பொய்யா இருந்தா அந்தப் பேரை நான் எதுக்குப் பார்க்கணும், நிஜம்னு தெரிஞ்சவங்க சொல்லட்டும், அப்புறம் பார்க்கிறேங்கிறாங்க."

"எழுத்து அவரோடதுதானா?"

"அப்படித்தான் இருக்கு. ஆனா சார், நான் ஆசையோட பார்க்கிறேன். ஆசையோட பார்த்தா எல்லாம் அப்படித்தானே தெரியும்?"

அந்தப் பதிலில் பொய்யாருக்கு அவள் மேல் மரியாதை வந்தது. அதனாலேயே பயமும் வந்தது. இதுவரை அவர் 'பொய்' என்று சொன்னதெல்லாம் சேகரிப்பவர்களிடம். அவர்களுக்குப் போனால் ஒரு தொப்பி. இவளுக்கு அப்படி இல்லை.

"அம்மா, முன்னாடியே சொல்லிடறேன். உள்ளே இருக்கிற பேருல முக்கால்வாசி பொய்யாத்தான் இருக்கும். நம்பிக்கையைக் கொஞ்சம் கையில பிடிச்சுக்கோங்க."

"நீங்க சொன்னா சொன்னதுதான்னு சொல்றாங்க சார். அதனாலதான் வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்கு வந்தாள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தொப்பியை மல்லாத்தி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு குப்பி அசிட்டோன். உடைந்த பிளாஸ்டிக் ஃபிரேமை ஒட்டுவதற்காகக் கடையில் எப்போதும் இருக்கும். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள்.

"பெயிண்ட்டுக்கு ஒரு குணம் உண்டு," என்றார். "பட்டாளத்துல எழுதினா எனாமல் பெயிண்ட்ல எழுதுவாங்க. அது இத்தனை வருஷத்துல காய்ஞ்சு கல்லாயிருக்கும். இதை வச்சுத் தேய்ச்சாலும் லேசுல அசையாது. நேத்து எழுதினதுன்னா பஞ்சைக் கண்டதும் கூடவே ஓடி வந்துடும்."

அந்த அம்மாள் தலையசைத்தாள். டீயைத் தொடவில்லை.

குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, கடைசி எழுத்தின் வாலில் வைத்தார். தேய்க்கக்கூட இல்லை, வைத்தார், அவ்வளவுதான். பஞ்சு சிவந்துவிட்டது.

பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். சிவப்பு துணுக்குத் துணுக்காக உரியவில்லை, பிசின்போல் இழுக்கவும் இல்லை. கரைந்து, வழுக்கிக்கொண்டு, சுத்தமாக வந்திருந்தது. புதுப் பெயிண்ட் இப்படி வராதே என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதை உட்காரவைத்து விசாரிக்க அவர் நிற்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் வாயில் தயாராக இருந்தது.

"பொய்."

அம்மாளின் முகம் அப்படியே இருந்தது. கை மட்டும் குடையின் பிடியை இறுக்கியது. அதைப் பார்த்ததும் அவருக்குள் கோபம் பொங்கியது. இவளை இப்படி உட்காரவைத்த அந்தப் பெயர் திருடன் மேல் கோபம். "அழிச்சுடவாம்மா?" என்று கேட்டார். எங்கோ பார்த்தபடி அவள் 'ம்' என்றாள். புதுப் பஞ்சை எடுத்தார்.

"ஒரு எழுத்தோட நிறுத்திக்கக் கூடாதா?" என்றாள் மனைவி கதவோரத்திலிருந்து.

"பொய்யை அரைகுறையா விட்டா அடுத்தவனை ஏமாத்தும்," என்றவர் எழுத்தெழுத்தாகத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் இரும்பு மட்டும்தான் இருந்தது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆனால் அவர் அவசரப்படவும் இல்லை. பொறுமையாக, அழகாக, ஓரம் விடாமல் செய்தார். நல்ல வேலைக்காரன் தப்பு செய்தால் அதையும் நன்றாகத்தான் செய்வான்.

அம்மாள் எழுந்தாள். "நீங்களே வந்து அண்ணிகிட்டச் சொல்லிடுங்க சார். நான் சொன்னா, எதையோ மறைக்கிறேன்னு நினைப்பாங்க."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தொப்பியைப் பையில் போட்டுக்கொண்டார். சிவந்த பஞ்சுகளை ஒரு சின்ன லென்ஸ் டப்பாவில் வைத்து மூடினார். ஆதாரம் இல்லாமல் அவர் எங்கேயும் பேசியதில்லை.

அது ஓர் ஒடுக்கமான வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின், பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடைகள் மலையாக. அண்ணி மெஷினில் இருந்தாள். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. அவர் கடையில் விற்கிறதைவிடத் தடித்த கண்ணாடி. ஆளைப் பார்த்ததும் கால் மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"சொல்லுங்க தம்பி. நிஜமா, பொய்யா?"

"பொய்ம்மா. யாரோ விக்கிறதுக்காக எழுதியிருக்காங்க."

மெஷின் அதே வேகத்தில் ஓடியது. பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தவளைப்போல அண்ணியின் தோள் இறங்கியது. "அதானே பார்த்தேன்," என்றாள். "அந்த மனுஷன் பாலத்துல நிக்கிற ஆளா? எங்கேயோ எவ கையாலயோ மூக்குப்பிடிக்கத் தின்னுட்டுக் குறட்டை விட்டுட்டிருப்பார். தொப்பையும் போட்டிருக்கும் இந்நேரம்."

திட்டுகிறாளா, சிரிக்கிறாளா என்று பொய்யாருக்குப் புரியவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அப்போது அவள், ஊசிக்கு நூல் கோர்த்தபடி, பேச்சுக்குக் கேட்டாள். "எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறீங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்டால் பொய்யாரால் நிற்காமல் போக முடியாது. உற்சாகமாகவே டப்பாவைத் திறந்து காட்டினார். "பழைய பெயிண்ட் கல்லு மாதிரிம்மா. இது அசிட்டோன் பட்டதும் வந்துடுச்சு. வேறொண்ணுமில்ல, பொம்பளைங்க நகத்துல போடுறதை அழிப்பாங்களே, அதேதான்."

நூல் கோர்த்த கை நின்றது.

அண்ணி டப்பாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பஞ்சில் சிவப்பு காய்ந்திருந்தது. அது மங்கவே இல்லை, கொஞ்சம் ரோஜா கலந்த சிவப்பு.

"நெயில் பாலிஷா இருந்தா எப்படித் தம்பி வரும்?"

"நெயில் பாலிஷா?"

"அவர் புறப்படுற அன்னிக்குக் காலையில. முகாம்ல ஆளாளுக்குத் தொப்பியை மாத்திக்கிறாங்க, அடுத்தவன் பேனுக்கு நான் எதுக்கு வீடு கொடுக்கணும்னு சொல்லிட்டே பெயிண்ட் தேடினார். வீட்டுல பெயிண்ட் ஏது? எங்கிட்ட ஒரு பாட்டில் நெயில் பாலிஷ் இருந்தது. மாமியாருக்குத் தெரியாம ஒளிச்சு வச்சது. கதவைச் சாத்திக்கிட்டு நான் டார்ச் பிடிச்சேன், அவர் எழுதினார். பிரஷ்ல மிச்சம் இருந்ததை என் சுண்டுவிரல்ல பூசிவிட்டுட்டார். அன்னிக்கு முழுக்க விரலை மடக்கிக்கிட்டே பரிமாறினேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே அண்ணி," என்றாள் நாத்தனார்.

"உங்கம்மா இருந்தாங்களே. அப்புறம், ஓடிப்போனவர்னு ஆனப்புறம் அதை யார்கிட்டச் சொல்றது?"

நகப்பூச்சு எனாமல் இல்லை. அது கல்லாகாது. எத்தனை வருஷமானாலும் அசிட்டோனைக் கண்டால் பூசிய அன்றைக்குக் கரைகிற மாதிரியே கரையும். உரியாமல், இழுக்காமல், வழுக்கிக்கொண்டு வரும். காலையில் அவர் கண்ணால் பார்த்தது அதுதான். பொய்க்கு அத்தாட்சி என்று எதை நினைத்தாரோ அதுவே உண்மைக்கு அத்தாட்சி. பார்த்துக்கொண்டே துடைத்திருக்கிறார். ஒரு மனிதன் பூமியில் விட்டுப்போன கடைசி எழுத்தை, ஓரம் விடாமல்.

"சொல்லுங்க தம்பி. இது அதுவா?"

அவளுடைய கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. இல்லை என்று சொல்லிவிடலாம். இப்போதெல்லாம் விற்கிற பெயிண்ட்டிலும் இந்த நிறம் உண்டு என்று சொன்னால் முடிந்தது. அவர் பெயர் கெடாது. அவரே நிஜமான பெயரை அழித்தார் என்று குழுவில் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். அதோடு, சற்று முன் இறங்கிய அந்தத் தோளும் அப்படியே இறங்கியிருக்கும். இது கடைசி நினைப்பாகத்தான் வந்தது. ஆனால் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவரை இழுத்தது.

"இருக்கலாம்மா," என்றார். உடனே திருத்திக்கொண்டார். "இருக்கலாம் இல்ல. அதுதான். தொப்பி மில்லுல இருந்து வந்தது நிஜம். பேரும் நிஜம். நான்தான் தெரியாம அழிச்சுட்டேன்."

நாத்தனார் அலறியே விட்டாள். ஓடி வந்து அண்ணியின் தோளைக் கட்டிக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாகக் குலுக்கினாள். "பாத்தீங்களா அண்ணி! எங்க அண்ணன் ஓடல! பாலத்துலதான் நின்னிருக்கான்! இனி எந்த நாக்கு பேசும்னு பார்ப்போம்! ஓடல அண்ணி, அவன் ஓடல!"

அண்ணி அசையவில்லை. டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

"ஓடியிருக்கலாமே," என்றாள்.

"அண்ணி?"

"ஓடியாவது போயிருக்கலாமே. எங்கேயாவது, எவளோடயாவது, நல்லா இருந்திருப்பாரே." அவள் பொய்யாரை நிமிர்ந்து பார்த்தாள். "தினமும் திட்டுவேன் தம்பி. காலையில மெஷினைத் தொட்டதும் ஆரம்பிச்சுடுவேன். இத்தனை வருஷமா நான் செத்தவரையா திட்டிக்கிட்டு இருந்தேன்?"